ஆயா தேடின சுவிட்ச்

"வீட்டை ஸ்மார்ட் ஆக்கணும், எந்த சுவிட்ச் வாங்கலாம், எந்த சென்சார் நல்லா உழைக்கும்"னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியைப் பத்திச் சொல்லிடணும். அதை மறைச்சுட்டு உங்களுக்கு நான் எதையும் பரிந்துரை பண்றது நியாயமா இருக்காது.

எங்க ஊர் குறிஞ்சிப்பாடி. கடலூர்ல இருந்து நெய்வேலி போற ரோட்டுல, வடலூருக்கு முன்னாடி வரும். வீட்டுல அப்பா, அம்மா, எண்பத்திரண்டு வயசு ஆயா. நான் சென்னையில வேலை பார்க்கிறேன். லீவுல போறப்பெல்லாம் வீட்டுல எதையாவது மாட்டிட்டு வருவேன். ஹால்ல ஸ்மார்ட் பல்பு, பாத்ரூம் போற நடையில ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார், தண்ணி மோட்டாருக்கு வைஃபை ரிலே. ஆயா ராத்திரி எழுந்து நடந்தா லைட் தானா எரியும். ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை தாங்கல.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. எங்க பக்கம் காத்தும் மழையும் பேயாட்டம். கரண்ட் போயிடுச்சு. இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரத்துல கையை விரிச்சிடுச்சு. மறுநாள் ராத்திரி ரெண்டரை மணிக்குக் கரண்ட் வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு, ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிச்சுது. நான் மாட்டின எதுவும் எரியல.

ஆயா எழுந்து நடந்திருக்காங்க. லைட் வரும்னு ரெண்டு எட்டு வச்சிருக்காங்க. வரல. சுவத்தைத் தடவி சுவிட்சைத் தேடியிருக்காங்க. சுவிட்ச் இருந்துச்சு, ஆனா அது மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்துச்சு. ஒட்டினது நான்தான். நிலைப்படியில கால் தட்டி விழுந்து, வலது மணிக்கட்டுல எலும்பு முறிவு.

அம்மா போன் பண்ணப்ப நான் சென்னையில படுக்கையில உட்கார்ந்து ஆப்பைத் திறந்து ஆன் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தேன். "சாதனம் இணைப்பில் இல்லை"னு வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த வரியை எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியல.

என்ன நடந்துச்சுன்னு பின்னாடி உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தேன். எந்தப் பொருளும் கெட்டுப்போகல. ஒவ்வொண்ணும் நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு. ஸ்மார்ட் பல்புக்கு எப்பவும் கரண்ட் இருக்கணும், யாராவது சுவத்து சுவிட்சை அணைச்சுட்டா அது செத்துடும். அதனாலதான் டேப். சாதாரணமா இந்த மாதிரி பல்புல கரண்ட் போய்த் திரும்பி வந்தா தானா எரியுற அமைப்பு இருக்கும். நடுராத்திரி கரண்ட் வந்தா வீடு முழுக்க லைட் எரியுதுன்னு அம்மா திட்டினாங்க. நான் ஆப்புல போய், கரண்ட் வந்தா "கடைசியா இருந்த நிலை"ன்னு மாத்தி வச்சேன். கடைசியா இருந்த நிலை, அணைஞ்ச நிலை. இதுல இன்னொண்ணு, டேப்பைப் பிச்சுட்டு சுவிட்சை அணைச்சுப் போட்டிருந்தாக்கூட லைட் வந்திருக்காது. அப்புறம் சென்சார். அது ஆயாவைப் பார்த்திருக்கு. பார்த்த சேதியை எங்கேயோ இருக்கிற ஒரு சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து "எரி"ன்னு பதில் வந்தாதான் அஞ்சடி தள்ளி இருக்கிற பல்பு எரியும். தெருவுல கம்பத்தோட சேர்ந்து இன்டர்நெட் கேபிளும் கீழ கிடந்துச்சு.

அப்பா என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. அவர் நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்துல இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சோவியத் ஒன்றியத்தோட உதவியில கட்டினது அது. 1962ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சு, 600 மெகாவாட் வரைக்கும் வளர்ந்து, 2020 செப்டம்பர்ல மூடினாங்க. ஆயாவுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம் அப்பா திண்ணையில உட்கார்ந்து என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன்டா, இது செத்தா எந்தப் பக்கம் சாயும்?"

எனக்குப் புரியல. அவர் விளக்கினார். பாய்லருக்கு எரிபொருள் போற வால்வு இருக்கில்ல, அதைத் திறந்தே வைக்கக் கரண்ட் வேணும். மூடுறதுக்குக் கரண்ட் வேண்டாம். கரண்ட் போனாலோ, ஒயர் அறுந்தாலோ வால்வு தானா மூடிக்கும். யாரும் யோசிக்கவே வேண்டாம். அதே பிளான்ட்டுல டர்பைன் பேரிங்குக்கு எண்ணெய் அனுப்புற பம்பு நேர் எதிர். எல்லாக் கரண்ட்டும் போனாலும் அது நிக்கக்கூடாது, அதனால பேட்டரியில ஓடுற இன்னொரு எண்ணெய் பம்பு தயாரா நிக்கும். "ஒவ்வொரு பொருளும் சாகும்டா. சாகும்போது எந்தப் பக்கம் சாயணும்னு மாட்டும்போதே முடிவு பண்ணணும். நீ பல்பு கலர் மாறுதான்னு பார்த்தியே தவிர இதைப் பார்க்கல."

சென்சாரைப் பத்தியும் அவர்தான் சொன்னார். பாய்லர் டிரம்முல தண்ணி மட்டம் மாதிரி முக்கியமான இடத்துல ஒரு கருவியை நம்ப மாட்டாங்க. ஒண்ணு பொய் சொன்னா நமக்குத் தெரியாது. ரெண்டு வச்சா, ரெண்டும் வேற வேற சொல்லும்போது எது பொய்னு தெரியாது. அதனால மூணு வைப்பாங்க. மூணுல ரெண்டு ஒத்துக்கிட்டாதான் பாய்லரை நிறுத்தும். ஒண்ணு மட்டும் கத்தினா மணி அடிக்கும், ஆள் போய்ப் பார்ப்பார். நெய்வேலிச் சுரங்கத்துலயும் அப்படித்தான், ஆளும் பம்பும் ஓயாத இடம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோட நிலத்தடி நீர் இருக்கு. அதை ராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தோட தரை பொங்கிடும். அந்த ஊர்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவரோட வீட்டுல நான் போய் ஒத்தை சென்சாரை, அதுவும் இன்டர்நெட் வழியா மாட்டியிருக்கேன்!

சரி, இப்ப பொருளுக்கு வரேன். அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது.

நடமாட்டம் பார்க்கிற சென்சார்ல பெரும்பாலானது உடம்புச் சூட்டைப் பார்க்கிற வகை. அதாவது பின்னாடி இருக்கிற சுவத்தோட சூட்டுக்கும் நம்ம உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகருதான்னு பார்க்கும். ஐரோப்பாவுல 20 டிகிரி ரூம்ல அது பிரமாதமா வேலை செய்யும். எங்க ஊர்ல மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். சுவரும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே சூடுன்னா அதுக்கு ஆள் தெரியவே தெரியாது. "வெயில் காலத்துல இது தூங்குது"ன்னு அம்மா சொன்னப்ப நான் பேட்டரி போயிருக்கும்னு நினைச்சேன். அம்மா சொன்னதுதான் சரி. அசையாம உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. பாத்ரூம்ல வச்சவங்களுக்குத் தெரியும், உள்ள உட்கார்ந்து கையை ஆட்டின கதை. இன்னொரு பக்கம், சென்சார் கண்ணாடி மேலேயே பல்லி ஓடினா நல்லாத் தெரியும். ராத்திரி மூணு மணிக்கு யாருமில்லாத நடையில லைட் எரிஞ்சா பேய் இல்ல, பல்லி.

அடுத்தது மோட்டார். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் கையைச் சுட்டுக்கிறாங்க. நான் வாங்கின ரிலே மேல "16 ஆம்பியர்"னு அச்சடிச்சிருந்தாங்க. எங்க மோட்டார் ஒரு குதிரைத்திறன், ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தான் இழுக்கும். தாராளம்னு நினைச்சேன். அந்த 16 ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி லோடுக்குச் சொல்ற கணக்கு. மோட்டார் கிளம்புற நொடியில ஓடுற கரண்ட்டைப் போல அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும். அந்த நேரம் ரிலேக்குள்ள பொறி பறக்கும். நாலு மாசம் தினம் ரெண்டு தடவை பொறி பறந்து, ஒரு நாள் உள்ள இருக்கிற ரெண்டு முனையும் பத்த வச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. ஆப்புல "அணைந்தது"ன்னு காட்டுது, மோட்டார் ஓடுது. ஏன்னா ஆப்புக்குத் தெரிஞ்சது அது கொடுத்த கட்டளை மட்டும்தான். எதிர்வீட்டு அக்கா வந்து "மாடியில இருந்து அருவி கொட்டுது"ன்னு சொன்னப்புறம்தான் தெரியும்.

அதுக்கு வைத்தியம் பழசு. ரிலே மோட்டாரைத் தொடக்கூடாது. ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்கணும், கான்டாக்டர் மோட்டாரைப் போடணும். பம்புசெட் வச்சிருக்கிற விவசாயிகளுக்கு இதைச் சொல்லவே தேவையில்ல. மும்முனைக் கரண்ட் எந்த நேரம் வரும்னு தெரியாததால ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி, அப்புறம் போன்ல மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போடுற பெட்டியும் மாட்டினாங்க. நாம இப்ப ஸ்மார்ட்னு சொல்றதை கொல்லையில அவங்க எப்பவோ செஞ்சுட்டாங்க. அந்தப் பெட்டியை நம்பி ஸ்டார்ட்டரை யாரும் கழட்டி எறியல. பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் அங்கேயேதான் இருக்கு.

தண்ணித் தொட்டி சென்சாரும் இப்படித்தான். கம்பி விடுற வகையில போர்த் தண்ணி உப்பு படிஞ்சு ஏமாத்தும். மேல மூடியில மாட்டி ஒலி அனுப்பிப் பார்க்கிற வகையில நீராவி சொட்டாப் படிஞ்சு ஏமாத்தும். மிதவை சுவிட்ச் அசிங்கமா இருக்கும், ஆனா தொங்கிக்கிட்டு வேலை செய்யும்.

சூடு இன்னொரு எமன். சுவிட்ச் போர்டுக்குப் பின்னாடி திணிக்கிற மாட்யூலுக்குக் காத்தே கிடையாது. உள்ள இருக்கிற கெபாசிட்டருக்கு எலக்ட்ரானிக்ஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க: பத்து டிகிரி கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதி.

இதெல்லாம் நம்ம கையில இருக்கிற சாவு. நம்ம கையில இல்லாத சாவும் இருக்கு. அமெரிக்காவுல ரிவால்வ்னு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, விலை 300 டாலர். அந்தக் கம்பெனியை கூகுளோட நெஸ்ட் 2014ல வாங்கி, 2016 மே மாசம் சர்வரை மூடிட்டாங்க. பெட்டி நல்லா இருந்துச்சு, உபயோகம்தான் இல்ல. இன்ஸ்டியான்னு இன்னொரு கம்பெனி, 2022 ஏப்ரல்ல வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம சர்வரை அணைச்சுது. அப்புறம் அதைப் பயன்படுத்தின சிலரே சேர்ந்து வாங்கி திரும்ப ஓட வச்சாங்க. 2025 அக்டோபர் 20, நமக்கு தீபாவளி அன்னைக்கு, வர்ஜீனியாவுல அமேசானோட சர்வர்கள் தடுமாறினப்ப அலெக்ஸாவும் ரிங் காலிங் பெல்லும் பல வீடுகள்ல நின்னுச்சு. சூடு குளிர் மாத்துற ஸ்மார்ட் மெத்தையில படுத்திருந்தவங்ககூட புலம்பினாங்க. (சிரிப்பு) எங்க ஊருக்குப் பக்கத்துல வடலூர்ல 1867ல வள்ளலார் ஏத்தி வச்ச அடுப்பு இன்னும் அணையல. அங்க விறகு போட ஆள் இருக்கு. சர்வருக்கு விறகு போடுறவர் யாரு, எத்தனை வருஷம் போடுவார்னு டப்பாவுல எழுதியிருக்க மாட்டாங்க.

இப்ப வீட்டுல என்ன இருக்குன்னு சொல்லிடுறேன். ஸ்மார்ட் பல்பு எல்லாத்தையும் கழட்டியாச்சு. சாதா எல்இடி பல்பு. நடை லைட்டுக்கு நானும் அப்பாவும் மாடிப்படி ஒயரிங் போட்டோம். கீழ ஒரு சுவிட்ச், மேல ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் லைட் மாறும்ல, அதே ஒயரிங். ஒரு பக்கம் சுவத்து சுவிட்ச், இன்னொரு பக்கம் மேல் சுவிட்சுக்குப் பதிலா ரிலே. அதுக்குப் பொருத்தமா ரெண்டு பக்கமும் முனை இருக்கிற ரிலே வாங்கணும், கடையில கேட்டு வாங்குங்க. ரிலே செத்தாலும், வைஃபை போனாலும், நான் பாஸ்வேர்டை மறந்தாலும் சுவத்து சுவிட்ச் வேலை செய்யும். சென்சார் பேசுறது இப்ப வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்கிட்ட. ஹோம் அசிஸ்டன்ட்னு இலவச மென்பொருள், ராஸ்பெரி பையில ஓடுது. அதுலயும் ஒரு அடி வாங்கினேன். கரண்ட் போய்ப் போய் வந்து மெமரி கார்டு கெட்டுடுச்சு. இப்ப எஸ்எஸ்டி மாட்டி, ரவுட்டரோட சேர்த்து சின்ன யுபிஎஸ் கொடுத்திருக்கேன். மோட்டாருக்கு கான்டாக்டர், தொட்டியில மிதவை. யார் "ஓடு"ன்னு சொன்னாலும் தொட்டி நிறைஞ்சா மிதவை கரண்ட்டை அறுத்துடும். ஸ்மார்ட் பூட்டு மாட்டலாமான்னு கேட்டேன். "உள்ள இருந்து கையால திறக்குமா?"ன்னு அப்பா கேட்டார். நான் பார்த்து வச்சிருந்தது திறக்காது. விட்டுட்டேன்.

ஆயா கட்டிலுக்குப் பக்கத்துல, கை எட்டுற உயரத்துல, தனியா ஒரு சுவிட்ச் வச்சோம். எந்தக் கம்ப்யூட்டரோடவும் சம்பந்தம் இல்ல. இன்வெர்ட்டர்ல இருந்து நேரா ஒரு சின்ன பல்பு. இருட்டுல தெரியணும்னு அப்பா அது மேல ஒரு பொட்டு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப ராத்திரி முழிச்சுப் பார்த்தேன். ஆயா எழுந்திருச்சாங்க. சென்சார் சரியா பார்த்து நடை லைட்டைப் போட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். ஆயா லைட்டை அண்ணாந்து பார்த்தாங்க. அப்புறம் கையை நீட்டி அந்தச் சின்ன சுவிட்சையும் போட்டுட்டுத்தான் காலைக் கீழ வச்சாங்க.