கட்டில் வேண்டாம் என்று நிரூபித்தவர்கள்



தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் சானடோரியம் என்ற நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். காசநோய் மருத்துவமனை அந்த நிறுத்தத்துக்குக் கொடுத்த பெயர் அது. அந்தக் காலத்து வைத்தியம் என்ன? ஊருக்கு வெளியே நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. வசதியுள்ளவருக்குச் சரி. அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிறவர் எங்கே போய்ப் படுப்பார்? படுக்க வந்தாலும் கட்டில் ஏது?

இதற்கு விடை தேட 1956இல் இந்தச் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. அந்தப் பிரிட்டிஷ் கவுன்சில் பிறந்த கதை தெரியுமா? 1911 காப்பீட்டுச் சட்டம், தொழிலாளி தலைக்கு வருஷம் ஒரு பென்னி என்று ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. அந்தச் சில்லறையில் பிறந்ததுதான் அது!

சென்னை மையத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் அவரவர் வீட்டில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான குடித்தனம், அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் கட்டிலைவிட்டு வீட்டுக்கு வர இந்த ஆய்வு வழி திறந்தது.

இப்போது சொல்லுங்கள், வீட்டிலேயே குணமாகுமா என்ற கேள்வியை எந்தக் கம்பெனி கேட்டிருக்கும்? கட்டில் வேண்டாம், மலிவான மாத்திரை போதும் என்று நிரூபித்தால் யாருக்கு லாபம்? நோயாளிக்கு மட்டும்தான். அவரிடம் முதல் போடப் பணமில்லை. ஆகவே அந்த முதலை அரசு போடவேண்டும். நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

போடுகிறதா? இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, எல்லாத் துறைகளையும் சேர்த்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2017 ஆகஸ்ட் 9 அன்று சென்னை உட்படப் பல நகரங்களில் விஞ்ஞானிகள் ஊர்வலம் போனார்கள். மூன்று சதவீதம் கேட்டார்கள். கோஷம் போட்டுப் பழக்கமில்லாதவர்கள். ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகைக்காகப் போராடினார்கள். 2019இல் இளநிலை ஆய்வாளரின் மாதத்தொகை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. கேட்டது அதைவிட அதிகம். ஆனால் கேட்காமல் அதுவும் வந்திருக்காது.

லண்டனிலும் இதே கதை. 2010 அக்டோபரில் அறிவியல் நிதியில் பெரிய வெட்டு விழும் என்று பேச்சு. ஜெனிபர் ரோன் என்ற உயிரணு ஆய்வாளர் குரல் கொடுக்க, வெள்ளை அங்கியோடு கூட்டமாக நிதியமைச்சகத்தின் முன் போய் நின்றார்கள். ஆண்டுக்கு 460 கோடி பவுண்டு நிதி வெட்டுப்படாமல் தப்பியது. நான்கு ஆண்டுக்கு அதே தொகைதான். விலைவாசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது என்பது வேறு கணக்கு.

விஞ்ஞானிகள் மட்டும் கேட்டால் தங்கள் சம்பளத்துக்குக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. இந்த மன்றத்தின் சார்பில் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கோரிக்கை மனு தயாராக இருக்கிறது. அதைப் படித்துக்காட்டச் செயலாளரை அழைக்கிறேன்.