பாலையிற் கேட்ட பிள்ளைக் குரல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

அல்லலுறும் குழந்தைகளுக்காகக் கிறித்தவர் செய்யும் செபத்தைப் பற்றிச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். பல சமயத்தார் கூடியுள்ள இவ்வவையில் ஒரு சமயத்தாரின் வழிபாட்டைப் பேசுதல் பொருந்துமோ என்று முதலில் தயங்கினோம். ஆயினும், குழந்தையின் அழுகைக்குச் சமயம் ஏது? ஆதலின் துணிந்து உங்கள் முன் நிற்கின்றோம்.

இந்நகரத்துத் தமிழ்க் கிறித்தவரின் கதை, குடிபெயர்ந்தோரின் கதையேயாகும். சிவாஜிநகரில் நாம் அனைவரும் அறிந்த மரியன்னை பேராலயம் ஓங்கி நிற்கின்றது. செஞ்சிப் பகுதியினின்றும் வந்து, இங்கே பயிர்செய்து வாழ்ந்த தமிழ்க் குடிகள் தொழுத இடம் அது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஓலைக் கூரையின்கீழ்த் தொடங்கிய அவ்வழிபாட்டிடம், 1882 ஆம் ஆண்டில் இன்றைய கோபுரத் தோற்றத்தைப் பெற்றது. செப்டம்பர் 8 ஆம் நாள் நிகழும் திருவிழாவில், சமயம் பாராது மக்கள் திரள்கின்றனர். அங்கே தாய்மார் ஏற்றும் மெழுகுவத்திகளில் எத்தனை எத்தனை பிள்ளைகளின் பொருட்டு எரிகின்றன!

அத்தாய்மாரின் செபத்திற்கு அடிப்படை யாது? விவிலியத்தில் ஒரு வரலாறு உண்டு. ஆபிரகாமின் வீட்டைவிட்டு ஆகார் என்னும் பணிப்பெண் தன் மகனோடு வெளியேற்றப்படுகிறாள். சிறிது அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமே அவர்களுடைய உடைமை. பெயேர்செபாப் பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. பிள்ளையைப் புதரொன்றின்கீழ்க் கிடத்திவிட்டு, அவன் இறப்பதைக் காணப் பொறாமல் அம்பு எய்யும் தொலைவில் அமர்ந்து அழுகிறாள் தாய். அப்போது இறைவன் அப்பிள்ளையின் குரலைக் கேட்டான் என்கிறது விவிலியம். இசுமாயேல் என்னும் அவன் பெயருக்கே ‘இறைவன் கேட்கிறான்’ என்பதுதான் பொருள். நம் இசுலாமிய நண்பர்களும் இத்தாயையும் மகனையும் போற்றுவர்.

இங்கே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அங்கு வானத்தினின்றும் மழை பொழிந்ததாகக் கூறப்படவில்லை. இறைவன் அவள் கண்களைத் திறந்தான். அவள் ஒரு கிணற்றைக் கண்டாள். அவ்வளவே! செபம் என்பது கண் திறத்தல் என்பதையே யாம் இதனின்று கற்றோம்.

இயேசு பெருமானும் குழந்தைப் பருவத்திலேயே அகதியானவர். ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாக எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெத்லகேமில் தப்ப இயலாமல் மாண்ட பச்சிளம் பாலகரைத் திருச்சபை டிசம்பர் 28 ஆம் நாள் ‘மாசில்லாக் குழந்தைகள்’ என்று நினைவுகூர்கின்றது. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி ஆறுவதற்குள் இத்துயர நாள் வருதல் தற்செயல் அன்று என எண்ணுகின்றோம். குடிபெயர்ந்தோர்க்கென 1914 ஆம் ஆண்டு தொட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு நாளைக் கடைப்பிடித்து வருகின்றது. 2017 ஆம் ஆண்டில், திருத்தந்தை பிரான்சிசு அந்நாளைக் குடிபெயர்ந்த குழந்தைகளுக்கென்றே ஒதுக்கினார்.

அன்பர்களே, இவை தொலைநாட்டுச் செய்திகள் அல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை அடுத்து, 1991 டிசம்பர் 12, 13 ஆகிய நாள்களில் இந்நகரில் நிகழ்ந்தவற்றை நம்மில் மூத்தோர் அறிவர். எளியோரின் குடிசைகள் எரிந்தன. பல்லாயிரவர் பிள்ளைகளைத் தோளிலேற்றித் தமிழக எல்லை நோக்கி நடந்தனர். “வெளியில் தமிழ் பேசாதே” என்று நம் பிள்ளைகளின் வாயை நாமே பொத்தினோம். ஆயினும் அவர்கள் அழுதழைத்த ‘அம்மா’ என்னும் சொல் கன்னடத்திற்கும் உரியதன்றோ! அச்சொல்லைக் கேட்டு, நம் மழலைகளைத் தம் அடுக்களையில் மறைத்துக் காத்த கன்னடத் தாய்மாரை மறத்தல் நன்றி கொல்லுதலாகும். 2016 செப்டம்பர் 12 ஆம் நாள் மீண்டும் வண்டிகள் எரிந்தபோதும், அண்டை வீட்டாரின் கதவுகள் நமக்குத் திறந்தன.

ஆதலின், எம் செபத்தில் பழிக்கு இடமில்லை. பகைவர்க்காகவும் வேண்டுமாறு இயேசு பெருமான் பணித்தார். இது எளிதன்று. கல்லெறிந்தவன் வீட்டிலும் ஒரு குழந்தை உறங்குகின்றது என்று எண்ணிப் பார்த்த பின்னரே எம் நா அவ்வேண்டுதலுக்கு இசைந்தது.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாதல் வேண்டும். நம் குடியிருப்பின் பின்புறத்தே அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகின்றது. அதன் அருகே தகரக் கொட்டகைகள் உள்ளன. வட கருநாடகத்தினின்றும், பீகாரினின்றும், ஒடிசாவினின்றும் வந்த தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே சிமெண்டுத் தூசியில் விளையாடுகின்றனர். அவர்கள் நம் திடலின் வாயிலில் வந்து நின்றபோது, “அவர்களை உள்ளே விடாதே” என்று காவலாளிக்குக் கூறியவர் யார்? நாமே அல்லமோ? ஒருகால் வந்தேறிகள் என்று இகழப்பட்ட நாம், இன்று வேறு பிள்ளைகளை அங்ஙனமே நோக்குகின்றோம். அம்பு எய்யும் தொலைவில் அமர்ந்திருப்பவர் இன்று நாமே.

கிணறுகள் இல்லாமலில்லை. வீட்டைவிட்டு ஓடிவந்து தொடர்வண்டி நிலையத்தில் திகைத்து நிற்கும் சிறாரைச் சலேசிய சபையாரின் ‘பாஸ்கோ’ அமைப்பு 1980 ஆம் ஆண்டு முதல் இந்நகரில் அரவணைத்து வருகின்றது. இடருறும் குழந்தைக்கு உதவ 1098 என்னும் தொலைபேசி எண் உள்ளது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை, வயதுச் சான்று இல்லையெனக் கூறிப் பள்ளி திருப்பியனுப்பலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்த்தாலும் சேர்க்கையை மறுத்தலாகாது. இதனை அக்கொட்டகைப் பெற்றோர் அறியார், நாம் அறிவோம். அவர்களுடன் பள்ளி வரை நடந்து செல்ல நமக்கு ஒரு காலைப்பொழுது போதும். சங்கத்தின் அறையையும் வாரத்தில் இரு மாலைகள் அப்பிள்ளைகளின் படிப்புக்குத் திறந்துவிடலாகாதா? நிருவாகக் குழுவினர் இவ்வேண்டுகோளை ஏற்றருள்வாராக.

யாம் நாள்தோறும் செய்யும் சிறு மன்றாட்டைக் கூறி அமைகின்றோம். விரும்புவோர் தத்தம் தெய்வத்தை நினைந்து உடன் வேண்டுக:

“பிள்ளையின் குரலைக் கேட்கும் இறைவா! வழியில் நடக்கும் சிறாரைக் காத்தருள்வாய். வன்முறை கண்டு நடுங்கிய நெஞ்சங்களுக்கு உறக்கம் அருள்வாய். தீங்கிழைத்தோரின் பிள்ளைகளும் அச்சமின்றி வளர்க. எங்கள் அருகிலுள்ள கிணற்றைக் காண எங்கள் கண்களைத் திறந்தருள்வாய்.”