பார்ட்ஸைப் பூட்டணுமா, பட்ஜெட்டைப் பூட்டணுமா?

ஃபார்முலா ஒன் பத்திப் பேச ஆரம்பிச்சாலே ஒரு கேள்வி தவறாம வரும். "எதுக்குங்க இவ்ளோ காசைக் கொட்டணும்? எல்லாருக்கும் ஒரே காரைக் கொடுத்து ஓட்டச் சொன்னா யாரு கில்லாடி டிரைவர்னு தெரிஞ்சுடும்ல?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஃபார்முலா டூ அப்படித்தான் நடக்குது: எல்லா டீமுக்கும் டல்லாரா சேஸி, மெக்காக்ரோம் இன்ஜின். அமெரிக்காவோட இண்டிகார்லயும் சேஸி டல்லாராதான். அங்க 2015-ல ஹோண்டாவும் செவ்ரலேவும் அவங்கவங்க ஏரோ கிட்டை டிசைன் பண்ணிக்கலாம்னு விட்டுப் பார்த்தாங்க. செலவு எகிறுச்சு. 2018-ல மறுபடியும் எல்லாருக்கும் ஒரே கிட். ஆக, பார்ட்ஸைப் பொதுவாக்கினா காசு மிச்சமாகும், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஃபார்முலா ஒன்ல காரைக் கட்டுறதே பாதிப் போட்டி. 2009-ஐ எடுத்துக்கோங்க. அதுக்கு முந்தின டிசம்பர்ல ஹோண்டா "நாங்க கிளம்புறோம்"னு சொல்லிடுச்சு. அந்த டீமை ராஸ் பிரான் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். காரோட பின்பக்க அடியில டிஃப்யூசர்னு ஒண்ணு இருக்கும்; காருக்கு அடியில ஓடுற காத்தை வேகமா வெளியேத்தி, காரைத் தரையோட அமுக்குற பகுதி. விதியில இருந்த ஒரு சந்தைப் பிடிச்சு அதை ரெண்டு அடுக்காக்கிட்டாங்க. முதல் 7 ரேஸ்ல 6 ஜென்சன் பட்டனுக்கு! வருஷக் கடைசியில ரெண்டு சாம்பியன்ஷிப்பும் அவங்களுக்குத்தான். டிஃப்யூசர் பொது பார்ட்டா இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. (இதை "ஏழை ஜெயிச்ச கதை"ன்னு சொல்றவங்க, அந்தக் காருக்காக ஹோண்டா முன்னாடியே கொட்டின காசை மறந்துடுவாங்க.)

அதே 2009-ல எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி வேற ரூட் எடுத்தார். பார்ட்ஸை விடு, காசுக்கு வரம்பு வை: 2010 சீசனுக்கு 4 கோடி பவுண்டு. பெரிய டீம்கள் "தனி சீரிஸ் ஆரம்பிச்சுப் போயிடுவோம்"னு மிரட்டினாங்க, வரம்பு காணாமப் போச்சு. ஆனா அந்த வரம்பை நம்பிப் புது டீம்கள் விண்ணப்பம் போட்டிருந்தாங்களே, அவங்க கதி? அதுல ஒண்ணுதான் பின்னாடி ஹெச்ஆர்டி ஆன டீம். நம்ம சென்னை கருண் சந்தோக் 2010 பஹ்ரைன்ல அந்தக் காரை முதல் தடவையா ஓட்டினதே குவாலிஃபையிங்லதான். டெஸ்டிங் இல்ல, பிராக்டிஸ்ல ஒரு ரவுண்டு கூட இல்ல. அடுத்த வருஷம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் வந்தார். 2011, 2012 ரெண்டு வருஷமும் மெல்போர்ன்ல டீமோட ரெண்டு காருமே ரேஸுக்குத் தகுதி பெறல. 2012 முடிவுல கடையை மூடிட்டாங்க. 2010-ல அவங்க சேஸியும் டல்லாரா கட்டிக் கொடுத்ததுதான்ங்கிறதை கவனிங்க. வெளிய இருந்து வாங்கின கார் அவங்களைக் காப்பாத்தல.

ஃபார்முலா ஒன்ல பொது பார்ட்ஸே இல்லையான்னா, இருக்கு. டயர் எல்லாருக்கும் பிரெல்லி. 2008-ல இருந்து இன்ஜினைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி எல்லாருக்கும் ஒண்ணுதான். செஞ்சது மெக்லாரன் குழுமத்து கம்பெனி! ஃபெராரியோட ரகசிய ஆவணங்கள் விவகாரத்துல மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் விழுந்தது 2007-ல. அடுத்த வருஷமே ஃபெராரி காருக்குள்ள மெக்லாரன் பெட்டி. எப்படி இருந்திருக்கும் அவங்களுக்கு!

பிரச்சனை என்னன்னா, மொத்தச் செலவுக்கு வரம்பு இல்லாதப்போ பொது பார்ட் வெறும் பாக்கெட் மாத்துற வேலை. இங்க மிச்சமான காசு நேரா விண்ட் டனலுக்குப் போகும். அதனாலதான் 2021-ல வந்த 14.5 கோடி டாலர் வரம்பு எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது. 2023-க்குள்ள அடிப்படைத் தொகை 13.5 கோடி ஆச்சு. டிரைவர் சம்பளம், டாப் 3 ஆட்களோட சம்பளம், மார்க்கெட்டிங் எல்லாம் இதுல சேராது. அது பெரிய ஓட்டைதான், ஒத்துக்கிறேன். ஆனாலும் பல்லு இருக்கு. 2021 கணக்குல மீறினதுக்கு ரெட் புல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டுச்சு; அதைவிட வலிச்சது ஏரோ டெஸ்டிங்ல 10 சதவீதம் குறைச்சதுதான். இன்னொரு பக்கம், 2023 ஆரம்பத்துல தடுமாறின மெக்லாரன் 2024-ல கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் வாங்குச்சு, அதுவும் மெர்சிடிஸ்கிட்ட வாங்கின இன்ஜினோட.

இந்த வரம்புக்குள்ள ஒரு புதுத் தலைவலியும் இருக்கு. ஒரு டிரைவர் கார்பன் ஃபைபர் விங்கைச் சுவத்துல கொண்டு போய் மோதினா, அந்தக் காசு அடுத்த அப்கிரேடுல இருந்துதான் போகும். இந்த இடத்துலதான் பொது பார்ட்ஸ் நிஜமாவே உதவும். மலிவான, யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்காத பார்ட்ஸ். 2022-ல வீல் ரிம் எல்லாருக்கும் பிபிஎஸ்னு ஆச்சு. யாராவது அதுக்காக அழுதாங்களா?

கியர்பாக்ஸையும் அப்படிப் பொதுவாக்க 2019-ல எஃப்ஐஏ டெண்டர் விட்டு, அப்புறம் கைவிட்டுடுச்சு. என் ஓட்டு இன்னும் அதுக்குத்தான், ஏன்னா உள்ள சுத்துற பல்சக்கரத்தை எந்த ரசிகரும் பார்க்கப் போறதில்ல. உங்க ஓட்டு எந்தப் பார்ட்டுக்கு? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சண்டை போடலாம்.