வீரர் நகரமும் குடிகளின் விண்ணப்பமும்



வாடகை வீட்டில் குடியிருந்து பழகியவர்களுக்கு நான் கூறப்போகும் செய்தி எளிதில் விளங்கும். ஊரை விட்டு வந்து, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிறர் கட்டிய வீட்டில் குடிபுகுந்த தமிழ்க் குடும்பத்தார், முதல் மாதமே வீட்டுக்காரரிடம் சில விண்ணப்பங்களைக் கொண்டு செல்வர். சமையலறையில் புகை போக ஒரு சாளரம் வேண்டும். துளசி மாடம் வைக்க ஓர் இடம் வேண்டும். சுவாமி படம் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா? வீடு அவருடையது, அதில் நடக்கும் வாழ்வோ நம்முடையது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழக்கு, கணினித் திரைக்குள் இருந்த ஒரு கற்பனை நகரத்திலும் ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. அக்கதையையே இன்று சொல்ல விழைகின்றேன்.

2004 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவில் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் என்பார் அதனை ஆக்கினர். தென்கொரியாவைச் சேர்ந்த என்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. அதிமானுட ஆற்றல் படைத்த வீரர்கள் பொல்லாதவரை அடக்கும் படக்கதைகளை நம் பிள்ளைகள் விரும்பிப் படிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய வீரர் ஒருவரை ஒவ்வொருவரும் தாமே படைத்துக்கொண்டு, முகமும் உடையும் பெயரும் ஆற்றலும் தந்து, பாரகன் நகரம் என்னும் கற்பனை ஊரில் உலவவிடுவதே அவ்விளையாட்டு. ஆயிரக்கணக்கானோர் இணையத்தின் வழியே ஒரே வேளையில் அங்கே கூடினர். அந்நாளில் அதற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகலின், வாடகை என்று நான் சொன்னது வெறும் உவமை அன்று.

குடிபுகுந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். மிக முதலில் கேட்டவற்றுள் ஒன்று, தோளிலிருந்து முதுகில் வழியும் போர்வை. அதிமானுட வீரர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவதே அதுதானே? ஆனால், நகரம் திறந்த நாளில் ஒருவர் தோளிலும் அது இல்லை. காற்றில் துணி அசைவதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது எளிய செயல் அன்று. இக்குறைக்கு ஆக்கியோர் ஓர் அழகிய காரணத்தைக் கதைக்குள்ளேயே வைத்தார்கள். வேற்றுலகப் படையோடு நடந்த போரில் தலைசிறந்த வீரன் ஒருவன் மாண்டான்; அவன் நினைவைப் போற்றும் பொருட்டுப் புதியவர் எவரும் போர்வை அணிவதில்லை என்றார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் போர்வை வந்தது. வந்தபோதும் முதல் நாளே அணிய இயலாது. இருபதாம் படியை எட்டி, அவ்வீரனின் நினைவோடு இணைந்த ஒரு பணியை முடித்த பின்னரே அணியலாம். கேட்டதைக் கொடுத்தார்கள், கொடுத்ததை ஒரு பேறாகவும் ஆக்கினார்கள். இல்லாமையை இவ்வளவு நயமாக மறைத்த வீட்டுக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லா விண்ணப்பங்களும் இவ்வளவு விரைவில் பலிக்கவில்லை. தம் வீரன் கையிலிருந்து எழும் நெருப்பு நீலமாக இருக்கலாகாதா என்று பலர் கேட்டனர். கேட்பதற்கு இது சிறிய செய்தி. ஆனால், நெருப்புக்கும் பனிக்கும் மின்னலுக்கும் உரிய காட்சிகள் ஒவ்வொன்றும் குறித்த நிறத்திலேயே ஆக்கப்பட்டிருந்தன. மாற்றுவதென்றால் நூற்றுக்கணக்கானவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் தொழிலில் இருக்கும் நேயர்கள் இதைக் கேட்டுப் புன்முறுவல் செய்யக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆணி அடிக்கும் வேலையாகத் தோன்றுவது, உள்ளே சுவரையே இடித்துக் கட்டும் வேலையாக இருப்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். நிறம் மாற்றும் உரிமை 2009 ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்.

அதே வேளையில் இன்னொரு மாற்றமும் வந்தது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. நெடுநாள் ஆடியவர் மேற்படியிலும் புதிதாய் வந்தவர் கீழ்ப்படியிலும் இருந்தால் இருவரும் சேர்ந்து ஆடுவது எங்ஙனம்? இதற்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு வழி இருந்தது. மூத்த வீரர் ஒருவர் இளையவர் ஒருவரைத் துணைவீரராக ஏற்று, தம் படிக்கு அருகே உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு ஒருவர்தான். நண்பர் ஐவர் கூடினால், எவர் எவரோடு இணைவது என்று கணக்குப் போடவே பொழுது போய்விடும். 2009 இல் இக்கணக்கே வேண்டாம் என்றாயிற்று. அணியில் சேர்ந்தோர் அனைவரும் தாமாகவே ஏறத்தாழ ஒரே படிக்கு வந்தனர். விண்ணப்பம் எழுதுவோர் பெரும்பாலும் "எனக்கு இன்னும் வலிமை வேண்டும்" என்றே எழுதுவர். "என் தம்பியோடு சேர்ந்து ஆட முடியவில்லை" என்று இடரைச் சொல்பவர் சிலரே. மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் நோயாளியைவிட, வலிக்கும் இடத்தைக் காட்டும் நோயாளியே மருத்துவருக்கு உதவுகிறார்.

ஒருவர் கேட்பது மற்றவருக்கு இழப்பாவதும் உண்டு. ஆகவே ஆக்கியோர் தமக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தனர். ஒரு வீரனுக்கு முன்னரே உள்ள ஆற்றலைத் திருத்தலாம். ஆனால் அதன் தன்மையையே வேறாக்கலாகாது. அடியின் வலிமையைக் கூட்டும் ஆற்றலை ஒரு குடிலை வரவழைக்கும் ஆற்றலாக மாற்றிவிடமாட்டோம் என்று அவர்களுள் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லப்போக, ஆடுவோரிடையே அதற்குக் 'குடில் விதி' என்றே பெயர் நிலைத்தது. ஆயினும் 2005 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எவரும் கேளாத ஒரு மாற்றத்தை அவர்கள் புகுத்தினார்கள். ஓர் ஆற்றலுக்கு ஒரேவகை வலுவூட்டலை ஆறு முறை சேர்த்து மிகுபயன் பெறும் வழக்கம் இருந்தது. மூன்றுக்குமேல் சேர்த்தால் பயன் பெரிதும் குன்றும்படி செய்துவிட்டார்கள். ஆட்டத்தின் சமநிலைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் உழைத்து வளர்த்த வீரன் ஒரே இரவில் மெலிந்ததைக் கண்டவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. மனக்கசப்பு நெடுநாள் நீடித்தது.

2009 ஏப்ரலில், கேட்போர் கையிலேயே கருவியைக் கொடுத்துப் பார்த்தனர். பகைவரையும் உரையாடலையும் நிகழ்ச்சிகளையும் தாமே அமைத்துக் கதைகளை உருவாக்கலாம். பிறர் அவற்றை ஆடலாம். நல்ல கதைகள் பல பிறந்தன. கூடவே, கதை என ஒன்றுமின்றி எளிய பகைவரை வரிசையாக நிறுத்தி விரைந்து படியேறும் குறுக்குவழிகளும் பெருகின; சில வாரங்களிலேயே ஆக்கியோர் கட்டுப்பாடுகளை இறுக்க நேர்ந்தது. கருவி கொடுத்தது தவறென்று நான் எண்ணவில்லை. திருவிழாவுக்குத் திறந்த மைதானத்தில் கடை போடுவோரும் வருவர்தானே.

பின்னர் வந்தது ஒருவரும் எதிர்பாராத செய்தி. 2012 ஆகஸ்ட் 31 அன்று, நகரத்தை மூடப்போவதாக என்சிசாஃப்ட் அறிவித்தது. இப்பொழுது கேட்கப்பட்டது புதிய போர்வையும் அன்று, நிறமும் அன்று, மூடாதீர்கள் என்பதொன்றே. செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோர் தம் வீரர்களை நகரத்தின் சதுக்கத்தில் திரட்டி, கையில் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நவம்பர் 30 அன்று நகரம் இருண்டது. எட்டாண்டுகளுக்கு மேல் வாடகை செலுத்தியவர்களுக்கு அதன் ஒரு செங்கல்லின் மீதும் உரிமை இல்லை என்பது அன்று தெளிவாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. சிலர் நகரத்தின் நிரலை எவ்வாறோ காத்து, மறைவில் இயக்கி வந்தது 2019 ஏப்ரலில் வெளிப்பட்டது. தமக்குத் தெரியாமல் நண்பர் சிலர் மட்டும் ஆடிவந்தார்களே என்று மற்றவர்கள் கொண்ட சினம் பெரிது. ஆனால் அதன் விளைவாக நிரல் வெளியே வந்து, பல இடங்களில் நகரம் மீண்டும் எழுந்தது. அவற்றுள் 'ஹோம்கமிங்' என்னும் குழுவினருக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் முறையான உரிமம் வழங்கியது. அக்குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஆடுவோர் தரும் நன்கொடையில் நகரத்தை நடத்துகின்றனர். கட்டணம் இல்லை.

முன்பு விண்ணப்பம் எழுதியவர்களுள் சிலர் இன்று விண்ணப்பங்களைப் படிப்பவர்களாக இருக்கின்றனர். புதிய ஆற்றல்கள் சேர்க்கப்படுகின்றன. பழைய பிழைகள் திருத்தப்படுகின்றன. ஏன் இவ்வளவு காலதாமதம் என்று கேட்கும் குரலும் குறையவில்லை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் அமர்ந்து நிரல் எழுதும் அவர்கள், ஒருகாலத்தில் தாம் கேட்ட அதே கேள்விக்கு இப்பொழுது விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.