ஒரு மருந்து இன்னொன்றை முறிக்கும்



டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படிக்கிறார்கள். எந்த மருந்தோடு எது சேராது என்பதும் அதில் ஒரு பாடம். அது உங்க வீட்டுக்கும் வேண்டியதுதான்.

தினமும் மாலா-என் மாத்திரை சாப்பிடும் தாய்க்குக் காசநோய் வருகிறது, ரிஃபாம்பிசின் கொடுக்கிறார்கள். இம்மருந்து கருத்தடை மாத்திரையின் வீரியத்தை ஈரலிலேயே சீக்கிரம் குறைத்துவிடும். "தவறாமத்தானே போட்டேன், எப்படி உண்டாச்சு?" என்று திகைக்க நேரும்.

அதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. கணவர் நிரோத் உபயோகிக்கலாம். அல்லது மனைவி காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். சிகிச்சை முடிந்து ஒரு மாதம் வரை இந்தக் கவனம் தேவை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்க. வெட்கப்பட்டு மறைக்காதீங்க. நீங்க சொன்னால்தான் டாக்டர் படித்த படிப்பு உங்களுக்கு உதவும்.