விளம்பரத்திற் சொல்லும் வடிவும்

(வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சமயப் பணி புரியும் சங்கத்தில் விளம்பரத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், கோயில் திருவிழாவுக்கு நாம் நோட்டீசு அடிக்கின்றோம். நாவலர் குருபூசைக்குச் சுவரொட்டி ஒட்டுகின்றோம். ஆண்டு மலருக்கென வர்த்தகப் பெருமக்களிடம் விளம்பரம் கேட்டுச் செல்கின்றோம். ஆகவே இது நமக்கும் உரிய காரியமே. அதைச் செவ்வையாகச் செய்கின்றோமா என்பதே கேள்வி.

விளம்பரத்துக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று சொல், மற்றையது அச்சொல் கடதாசியில் அமரும் வடிவு. இவ்விரண்டும் சிவமும் சக்தியும் போலப் பிரியாதிருத்தல் வேண்டும். முன்னாளில் அமெரிக்க விளம்பர நிலையங்களில் வாசகம் எழுதுபவர் தனியே எழுதி முடிப்பார். பின்னர் அது ஓவியரிடம் போய்ச் சேரும். 1949ஆம் ஆண்டில் கூட்டாளிகள் இருவருடன் நியூயோர்க்கில் ஒரு நிலையத்தைத் தொடங்கிய வில்லியம் பேர்ன்பாக் என்பவர், எழுதுபவரையும் ஓவியரையும் சேர்ந்திருந்து வேலை செய்யும்படி வைத்தார்.

அதன் பயன் 1959இல் வெளிப்பட்டது. அக்காலத்து அமெரிக்கர் நீண்டு அகன்ற கார்களையே பெருமையாகக் கருதினர். ஜெர்மன் நாட்டு வொக்ஸ்வாகனோ சிறிய கார். அதனைப் பெரிதாகக் காட்ட அந்நிலையத்தார் முயலவில்லை. பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஒருபுறத்தில் சின்னஞ் சிறு காரின் படத்தை வைத்தனர். தலைப்பு இரண்டே சொற்கள்: சிறிதாக எண்ணுங்கள். அதன் கீழே, சிறிய காருக்குப் பெற்றோல் செலவு குறைவு, நிறுத்த இடம் சிறிது போதும், திருத்தச் செலவும் சிறிது என்று நேராகச் சொன்னார்கள். எழுதியவர் ஜூலியன் கோனிக். வடிவமைத்தவர் ஹெல்முட் குரோன். வெற்றிடமும் தலைப்பும் ஒரே பொருளையே கூறின.

அடுத்த ஆண்டில் அதே காருக்கு மற்றொரு விளம்பரம் வந்தது. காரின் படத்தின் கீழ் 'லெமன்' என்ற ஒரு சொல். பழுதான வண்டியை அமெரிக்கர் அப்படித்தான் அழைப்பர். தன் காரைத் தானே பழுது என்பவன் யார் என்று வியந்தவர்கள் கீழே வாசித்தார்கள். சிறு பெட்டியின் ஓரத் தகட்டில் மாசு இருந்தமையால் அந்தக் கார் கழிக்கப்பட்டது என்றும், தொழிற்சாலையில் சோதனை செய்வதற்கென்றே 3,389 பேர் இருக்கின்றனர் என்றும் அங்கே கண்டார்கள். 'மிகத் தரமானது' என்று நூறு முறை கூறினாலும் உண்டாகாத நம்பிக்கை இதனால் உண்டாயிற்று.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையை நிறை குறித்த பைக்கற்றுகளில் அடைத்து, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்று விளம்பரஞ் செய்தார். சில சொற்களுக்குள் வாங்குபவர் அறிய விரும்பியது அடங்கிவிட்டது. ஆனால் கொழுந்து பறித்த நம் மலையகச் சகோதரிகளின் வாழ்வு அந்தச் சொற்களில் இல்லை. விளம்பரம் எதைக் காட்டுகின்றது என்பதுடன், எதைக் காட்டாமல் விடுகின்றது என்பதையும் நோக்கப் பழகவேண்டும்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பு நடத்துகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீசின் மேலே சங்கத்தின் பெயர்; அடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களும் பட்டங்களும்; நான்கு விதமான எழுத்துக்கள்; சுற்றிலும் பூக்கொடி. வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்பது அடியில் பொடி எழுத்தில். இதனைப் பார்த்தும் பாராமற் போகும் தாயின் பிள்ளை ஓர் ஆண்டுக் கல்வியை இழக்கின்றது. 'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம்' என்று பெரிய எழுத்திற் போட்டு, நாள், நேரம், இடம் மூன்றையும் அதன் கீழ் வைத்து, எஞ்சிய இடத்தை வெறுமையாக விட்டால் அந்தத் தாய் நின்று வாசிப்பாள். நம் பெயர்கள் கடைசி வரியில் இருந்தாற் குறைவொன்றுமில்லை.

நாவலர் பெருமான் பாலபாடத்திற் சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு அச்சிட்டதும், படிக்கும் பிள்ளை இடர்ப்படாதிருத்தற் பொருட்டேயாம். அவர் வழியில் நின்று பார்த்தால் எழுத்தமைப்பும் ஒரு தொண்டு.

ஆண்டு மலர்களைப் புரட்டினால், 'மலர் சிறக்க வாழ்த்துகின்றோம்' என்ற ஒரே வாசகத்தைப் பக்கத்துக்குப் பக்கம் காண்கின்றோம். பணங் கொடுத்த வர்த்தகருக்கு இதனால் ஆவது என்ன? அவர் கடையில் எது நல்லது, எந்த நேரத்திற் கிடைக்கும், கடை எந்தச் சந்தியில் உள்ளது என்று கேட்டறிந்து, நாலு வரியில் எழுதிக் கொடுப்பது நம் இளைஞரின் கடமை. அப்பொழுதே நாம் பெறும் பணம் தருமமாக அன்றி, செய்த வேலைக்குரிய ஊதியமாக இருக்கும். அடுத்த ஆண்டும் அவர் மனமுவந்து தருவார்.

இன்று விளம்பரம் கைத்தொலைபேசித் திரையளவிற் சுருங்கிவிட்டது. அங்கே இடமும் சிறிது, பார்ப்பவரின் பொறுமையும் சிறிது. ஆயினும் விதி மாறவில்லை. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம், வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இம்மூன்றையும் மனத்திற் கொண்டு அடுத்த திருவிழா நோட்டீசை எழுதும்படி இளம் அங்கத்தவர்களை வேண்டி அமைகின்றோம்.