விடியலை முந்தும் சேவல்



கெலிஓயாவில் சுபஹ் பாங்கு ஒலிக்குமுன்பே சேவல் கூவிவிடுகின்றது. மலைக்குமேல் வெளிச்சமே தோன்றாத அவ்வேளையில் அதற்கு நேரத்தை அறிவித்தது எது?

ஜப்பானின் நாகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை இரவுபகலின்றி மங்கலான ஒளியிலேயே வைத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். அப்போதும் கூவும் வேளை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கொருமுறை திரும்பி வந்தது. கடிகாரம் உடலுக்குள்ளேயே இருக்கின்றது! அதனை நாள்தோறும் சரிசெய்வது ஒளி. பறவையின் பினியல் சுரப்பி மண்டையோட்டினூடாக வரும் ஒளியையும் உணரும். வேலியோர ஓணானுக்கோ, ஒளியை மட்டும் அறியும் மூன்றாவது கண்ணொன்று உச்சந்தலையில் உண்டு. இரவில் திரியும் வீட்டுப் பல்லிக்கு அது இல்லை.

திடீரென விளக்கொளி பட்டாலும் சேவல் கூவும். தொழுகைக்கு எழுப்பும் சேவலை ஏசவேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே நடுநிசியில் கூவுகின்றதென்று அதனை ஏசுமுன், கூட்டருகே எரியும் மின்குமிழை அணைத்துப் பாருங்கள்.